புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தையிடம் எதைச் சொல்வது? குடும்பத்தின் மனநிலையை யார் கவனிப்பது?

கரையோரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஏழு வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய், அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா வகை, என்று உறுதியாகி முதல் கட்டச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. மருந்துகளைப் பற்றிக் கேட்பதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. அந்த விவரங்களை மருத்துவர்கள் பொறுமையாக விளக்குகிறார்கள். குணமாகும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். என் குழப்பம் வேறு.

வீட்டுப் பெரியவர்கள் அனைவரும், குழந்தையின் காதில் நோயின் பெயர் விழவே கூடாது என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். "காய்ச்சல்தான், சீக்கிரம் சரியாகிவிடும்" என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். முதல் சில நாட்கள் ஓயாமல் கேள்வி கேட்டவள் இப்போது எதையுமே கேட்பதில்லை. ஊசியோடு யாராவது வந்தால் வீறிடுகிறாள். மற்ற நேரங்களில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். திடீரென்று என் மீது எரிந்து விழுகிறாள். பதினொரு வயது மகனை உறவினர் வீட்டில் விட்டிருக்கிறோம். "தங்கமான பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை" என்கிறார்கள். அந்தச் சொல்தான் என்னை உறுத்துகிறது.

விருப்பமிருந்தால் உளவியல் ஆலோசகரைப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, "நமக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?" என்று என் கணவர் மறுத்துவிட்டார். போனால் என்ன கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. இந்த நிலையைக் கடந்தவர்களும் இத்துறையில் பணிபுரிபவர்களும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இரவுப்பணி எழுதியது:

குழந்தைகளுக்கான புற்றுநோய் வார்டில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். கேள்வி கேட்பதை நிறுத்திவிட்ட குழந்தைக்குக் கேள்விகள் தீர்ந்துவிட்டன என்று பொருளல்ல. எந்தக் கேள்வியைக் கேட்டால் அம்மாவின் முகம் மாறுகிறது என்பதை அது கண்டுகொண்டது என்றுதான் பொருள். "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி அழைத்து வரப்பட்ட ஒரு சிறுவன், தாய் அயர்ந்து உறங்கிய பிறகு என்னை அருகில் அழைத்து, "பக்கத்துப் படுக்கை அண்ணனுக்கும் இதே சிவப்பு மருந்துதானே ஏறுகிறது? அவருக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. எனக்கு எப்போது கொட்டும்?" என்று கேட்டான். பெற்றோரிடம் ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது, பாவம்" என்றான். ஒரே வார்டில் பத்துக் குழந்தைகள் ஒரே வகை மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருக்கும்போது, வீட்டார் எழுப்பும் மதில் எத்தனை நாள் நிற்கும்?

உங்கள் மகளின் கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோயின் முதல் கட்டச் சிகிச்சையில் ஏறக்குறைய நான்கு வாரங்களுக்குத் தினமும் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது எரிச்சல், காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, அடங்காத பசி எல்லாவற்றையும் கிளப்பிவிடும். அவள் கெட்டுப்போகவில்லை, உங்களை வெறுக்கவும் இல்லை. பெரும்பாலும் அந்த மருந்து நின்ற பிறகு தானாகத் தணியும். இதைக் காரணம் காட்டி மருந்தை நீங்களாகக் குறைத்துவிடவோ நிறுத்திவிடவோ கூடாது. மாற்றம் மிக அதிகமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவளிடமும், "இந்த மாத்திரை சிலருக்குக் கோபம் வரவைக்கும், அது உன் தவறல்ல" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் குழந்தைகள் எவ்வளவு ஆறுதல் அடைகிறார்கள் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஊசி பயத்திற்கு: ஊசி குத்தும் இடத்தில் மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும் என்பதால் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படுக்க வைத்து நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பதற்குப் பதிலாக, உங்கள் மடியில் நிமிர்ந்து உட்காரவைத்து அணைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். சோப்புக் குமிழி ஊதுவது, கதை கேட்பது போன்றவை கவனத்தைத் திருப்பும், மூச்சையும் சீராக்கும். இடது கையா வலது கையா என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். "வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருமுறை வலித்துவிட்டால் நீங்கள் அடுத்துச் சொல்லும் எதையும் அவள் நம்பமாட்டாள். கூடுமானவரை ஊசிகளைத் தனி அறையில் போடச் சொல்லுங்கள். படுக்கையாவது அவளுக்குப் பயமில்லாத இடமாக இருக்கட்டும்.

மூத்தகுரல் எழுதியது:

மன்னிக்கவும், நான் மறுபக்கம் நிற்கிறேன். என் பேரனுக்கு இந்நோய் வந்தபோது சொல்ல வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இன்றும் அதில் எனக்கு முழு மாற்றம் இல்லை. சொல்லிவிட்டால் சுமை இறங்குவது சொல்பவருக்கு, ஏறுவது குழந்தைக்கு. ஏழு வயதுப் பெண் புற்றுநோய் என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? ஒரு காலத்தில் மருத்துவர்களே மறைக்கத்தான் சொன்னார்கள். அவர்கள் எல்லாம் அறியாதவர்களா? எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பது இப்போதைய நாகரிகமாகிவிட்டதோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது.

செவிகொடு எழுதியது:

ஐயா சொல்வது வரலாற்றளவில் சரி. 1950, 60களில், இந்நோய் வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைக்காத காலத்தில், மறைப்பதே கருணை என்று மருத்துவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நாகரிகத்தால் மாறவில்லை, குழந்தைகளைக் கவனித்ததால் மாறியது. அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், மூன்று முதல் ஒன்பது வயது வரையிலான லுகேமியாக் குழந்தைகளோடு மருத்துவமனையில் நெடுநாள் பழகி, 1978இல் தம் ஆய்வை வெளியிட்டார். யாரும் சொல்லாமலேயே அந்தக் குழந்தைகள் தங்கள் நோயையும் அதன் போக்கையும் படிப்படியாக அறிந்திருந்தார்கள். பெற்றோர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத் தெரியாதது போல் நடித்தார்கள். பெற்றோரும் குழந்தைக்காக நடித்தார்கள். இரண்டு பக்கமும் அன்பினால்தான் நடிக்கிறது, ஆனால் நடுவில் குழந்தை தனித்துவிடுகிறது. மேலே செவிலியர் குறிப்பிட்ட சிறுவனின் "பாவம்" என்ற சொல் இதே கதைதான்.

இன்னொன்றும் சொல்லலாம், இது உங்கள் மகளுக்குப் பொருந்தும் நிலை அல்ல, ஐயாவின் வாதத்திற்கான பதில் மட்டுமே. புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் ஸ்வீடனில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. மரணத்தைப் பற்றிக் குழந்தையிடம் பேசிய 147 பெற்றோரில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். பேசாதவர்களிலும் பெரும்பாலோர் வருந்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே எல்லோரும் பேசியே தீர வேண்டும் என்று இதிலிருந்து சட்டம் வகுக்க நான் துணியமாட்டேன். பேசினால் பின்னாளில் உள்ளம் உடைந்துபோகும் என்ற அச்சத்திற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

தாய்க்கு: ஏழு வயதை ஒட்டிய குழந்தைகள் சொல்லப்படாத இடைவெளியைத் தாமே இட்டு நிரப்பிக்கொள்வார்கள், பெரும்பாலும் தம் மீதே பழி போட்டுக்கொண்டு. அண்ணனை அடித்ததால் வந்தது, பொய் சொன்னதால் வந்தது, அதனால்தான் ஊசி போட்டுத் தண்டிக்கிறார்கள் என்று நம்பும் குழந்தைகளை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். எனவே நோயின் பெயரைவிட முக்கியமானவை வேறு: அவள் செய்த எதனாலும் இது வரவில்லை, யாரிடமிருந்தும் தொற்றவில்லை, யாருக்கும் தொற்றாது, நீங்கள் அவளைத் தனியாக விடமாட்டீர்கள். சொல்லும் முறை இப்படி இருக்கலாம்: "உன் இரத்தம் எலும்புக்குள்ளே உருவாகிறது. அங்கே சில செல்கள் சரியாக வளராமல், நல்ல செல்களுக்கு இடமில்லாமல் செய்கின்றன. இதற்கு லுகேமியா என்று பெயர். அவற்றை விரட்டத்தான் இந்த மருந்து. நல்ல செல்களையும் அது கொஞ்சம் பாதிக்கும், அதனால்தான் உனக்குச் சோர்வாக இருக்கிறது. முடி உதிரும், பிறகு வளரும்." இவ்வளவு போதும். பிறகு நிறுத்திவிட்டு, அவள் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒரே அமர்வில் முடியும் பேச்சு அல்ல இது; இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீளும் சிகிச்சையில் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும்.

மூத்தகுரல் எழுதியது:

விளக்கத்திற்கு நன்றி. பொய் சொல்லக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்காததை முந்திக்கொண்டு சொல்லவும் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். குழந்தைக்கென்று ஒரு வேகம் இருக்கிறது.

செவிகொடு எழுதியது:

குழந்தையின் வேகம் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. கேட்கலாம் என்ற அனுமதி அவளுக்கு இருக்கிறதா என்பதே என் கவலை. அதைப் பெரியவர்கள்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

கூடப்பிறந்தவன் எழுதியது:

உறவினர் வீட்டில் "தொந்தரவு இல்லாமல்" இருக்கும் அந்த மகனுக்காக எழுதுகிறேன். என் தங்கைக்கு லுகேமியா வந்தபோது எனக்கும் ஏறத்தாழ அவன் வயதுதான். அவளுக்கு நோய் தெரியவந்ததே கால்களில் இரத்தம் கன்றித் தோன்றிய நீலத் தடங்களால்தான் என்பது, பெரியவர்கள் தொலைபேசியில் பேசியதிலிருந்து என் காதில் விழுந்தது. அதன்பிறகு ஒவ்வோர் இரவும் போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு என் முழங்காலுக்குக் கீழே எத்தனை நீலத் தடங்கள் என்று எண்ணுவேன். கால்பந்து ஆடுகிற பையனின் காலில் அடிபட்ட தடம் இல்லாத நாள் ஏது? எனவே விளையாடுவதை நிறுத்தினேன். "பையன் பொறுப்பாகிவிட்டான்" என்று எல்லோரும் மெச்சினார்கள். அதோடு, அவளுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தைய வாரம் சண்டையில் "நீ இல்லாமலே போ" என்று கத்தியிருந்தேன். அதை யாரிடமும் சொல்லாமல் வளர்ந்து பெரியவனானேன்.

எனக்கு அன்று தேவைப்பட்டவை பெரிய விஷயங்கள் அல்ல. இது தொற்றாது, உனக்கு வரும் என்று பயப்பட வேண்டியதில்லை, நீ சொன்ன எதனாலும் வரவில்லை என்று யாராவது ஒருவர் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும். ஒருமுறையாவது வார்டுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். பார்க்காத அறையை நான் கற்பனை செய்து வைத்திருந்த விதம் உண்மையைவிடப் பல மடங்கு கொடூரமாக இருந்தது. தொற்று பயத்தால் நேரில் அனுமதிக்காவிட்டால் வீடியோ அழைப்பிலாவது அந்தப் படுக்கையையும் சன்னலையும் காட்டுங்கள். அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: தங்கைக்குத் தினமும் ஒரு படம் வரைந்து அனுப்புவது போல. அவனுடைய வகுப்பாசிரியருக்கும் விவரம் தெரிந்திருக்கட்டும்.

இரண்டாம்பாதி எழுதியது:

ஒரு தந்தையாக, உங்கள் கணவரின் மறுப்பு எனக்குப் புரிகிறது. பணம், விடுப்பு, இரத்தம் கொடுக்க ஆள் என்று ஓடிக்கொண்டிருப்பவனிடம் "உங்கள் மனதைப் பற்றிப் பேசுங்கள்" என்றால் எரிச்சல்தான் வரும். எங்கள் வீட்டில் மனைவி தினமும் அழுதாள்; இவள் நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்று நான் நினைத்தேன். நான் அழவே இல்லை. இவருக்கு மனமே இல்லை என்று அவள் நினைத்தாள். தூக்கம் வரவில்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லித்தான் நான் ஆலோசகரிடம் போனேன். உங்கள் கணவரையும் அப்படியே அழைத்துப் பாருங்கள். தூக்கம், தலைவலி, பண நெருக்கடி என்று ஏதாவது ஒரு கைப்பிடி இருந்தால் ஆண்கள் வந்துவிடுகிறார்கள். அங்கே என்னைப் படுக்க வைத்துச் சிறுவயதுக் கதை எதுவும் கேட்கவில்லை. இந்த வாரத்தில் உங்களை அதிகம் அழுத்தும் ஒரே பிரச்சினை எது, அதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதை முதலில் முயன்று பார்க்கலாம் என்று தாளில் எழுதவைத்தார். இரவில் யார் மருத்துவமனையில் தங்குவது என்ற எங்கள் நெடுநாள் சண்டை அந்தத் தாளில் முடிந்தது.

யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை முடியும் நாளில் எல்லோரும் கொண்டாடுவார்கள். அன்றிலிருந்துதான் எனக்குப் பயம் பிடித்தது. அதுவரை ஏதோ ஒரு மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது, வாரம் தவறாமல் யாரோ ஒருவர் இரத்தப் பரிசோதனை செய்தார்; திடீரென்று கையில் ஒன்றுமே இல்லை. சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கும் நெஞ்சு படபடக்கும். வந்து போகும் உறவினர்களோ "இன்னும் என்ன கவலை?" என்பார்கள். ஆதரவு மிகவும் குறைந்திருப்பது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் கணிப்பு.

செவிகொடு எழுதியது:

தந்தை சொன்ன முறை, பிரச்சினைகளைத் தீர்க்கும் திறன் பயிற்சி என்ற பெயரில் புற்றுநோய் உள்ள குழந்தைகளின் தாய்மாரிடம் பரிசோதிக்கப்பட்டது. அவர்களுடைய மனத்துயரைக் குறைப்பதாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. சிகிச்சைக்குப் பிந்தைய காலம் பற்றிய கணிப்பும் புதிதல்ல. குணப்படுத்துவது மட்டும் போதாது என்று குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஜூலியோ டாஞ்சியோ 1975லேயே எழுதினார். மூளையில் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளுக்குக் கவனம், நினைவு, சிந்திக்கும் வேகம் ஆகியவற்றில் ஏற்படும் குறைகள் பள்ளிக்குத் திரும்பிச் சில ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம் என்பதால், "படிக்க மாட்டேன் என்கிறான்" என்று திட்டுவதற்கு முன் பரிசோதிக்க வேண்டியதும் இதில் அடங்கும்.

மூத்தகுரல் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் உளவியலாளர் ஒருவர்கூட இல்லாத மருத்துவமனைகள்தானே அதிகம்? அங்கே இருப்பவர்கள் இந்த இழையை வாசித்துவிட்டு என்ன செய்வது?

செவிகொடு எழுதியது:

மிகச் சரியான கேள்வி. புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான உளச்சமூகப் பராமரிப்பு நெறிகள் 2015இல் வெளியிடப்பட்டன, மொத்தம் 15. பெற்றோரின் மனநலம், உடன்பிறந்தோர், பள்ளி, பண நெருக்கடி, ஊசி போன்ற சிகிச்சைகளுக்கு முன் தயார்படுத்துவது, இழப்புக்குப் பின் குடும்பத்தோடு தொடர்பில் இருப்பது அனைத்தும் அவற்றில் உண்டு. என் பார்வையில் அவற்றின் சாரம், குடும்பம் உடைந்து கேட்கும்வரை காத்திராமல் நோய் உறுதியான நாளிலிருந்தே எல்லோரிடமும் வழக்கமாக விசாரிப்பது. "விருப்பமிருந்தால் பார்க்கலாம்" என்று மருத்துவர் சொன்ன முறைதான் உங்கள் வீட்டில் மறுப்பை வரவழைத்தது என்று நினைக்கிறேன். இரத்தப் பரிசோதனையை யாரும் விருப்பமிருந்தால் என்று கேட்பதில்லை.

எல்லோருக்கும் சிறப்பு நிபுணர் தேவையும் இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் கலங்கினாலும் தெளிவான தகவலும் கனிவான விசாரிப்பும் கிடைத்தால் தேறிவிடுகின்றன. அதைச் செவிலியரும் சமூகப் பணியாளரும் இதைக் கடந்த பெற்றோரும் செய்ய முடியும். சிலருக்குக் கூடுதல் கவனம் தேவை: ஏற்கெனவே மனநோய், குடும்பத்தில் பிளவு, கடன், துணையின்மை உள்ளவர்கள். ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் மனநல மருத்துவர் தேவைப்படுவார். குழந்தை நல்ல நாட்களிலும் வாரக்கணக்கில் விளையாடாமல் ஒடுங்கிக் கிடந்தாலோ, மருந்தைத் தொடர்ந்து மறுத்தாலோ, பெற்றோரில் ஒருவர் வாய்ப்பிருந்தும் உறங்க முடியாமல் தவித்தாலோ தாமதிக்காமல் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் யாருக்கு வந்தாலும், அது ஒரு கணமே வந்து போனதாக இருந்தாலும், அன்றே சொல்லுங்கள். அந்த நேரத்தில் தனியாக இருக்க வேண்டாம்.

கரையோரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று அவளிடம் பேசினோம், என் கணவரும் உடனிருந்தார். "லுகேமியா" என்ற சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அண்ணனை எப்போது பார்க்கலாம் என்று கேட்டாள். இன்று காலை, தலை சீவிக்கொண்டிருந்தபோது, திரும்பாமலே "நான் செத்துப்போவேனா?" என்றாள். நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டேன், பதில் வரவில்லை. "மாலையில் பேசலாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இன்று மாலை நான் என்ன சொல்ல வேண்டும்?

செவிகொடு எழுதியது:

மாலையில் மறக்காமல் நீங்களே தொடங்குங்கள். அவள் மீண்டும் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் "ஏன் அப்படித் தோன்றியது?" என்று கேளுங்கள். வார்டில் யாரோ பேசியது காதில் விழுந்திருக்கலாம், முடி உதிர்வதைப் பார்த்துப் பயந்திருக்கலாம். பிறகு, "இந்த நோயால் சிலர் இறந்துபோகிறார்கள் என்பது உண்மை. ஆனால் உனக்கு வந்திருப்பதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள். நீயும் குணமாவாய் என்றுதான் மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். எதுவும் மாறினால் உன்னிடம் மறைக்கமாட்டேன்" என்று சொல்லலாம். பேசும்போது அழுகை வந்தால் வரட்டும். முன்னதாக மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அவள் நிலைக்கு இந்த வாக்கியங்கள் பொருந்துகின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

அவளிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்பதை அவளுடைய கோப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், சொன்ன அதே சொற்களில். இதே கேள்வியை அவள் இரவில் எங்களிடமும் கேட்பாள். பணி மாறி வரும் ஒவ்வொருவரும் வேறு வேறு பதில் சொல்லக்கூடாது. வீட்டுப் பெரியவர்களிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பார்க்க வரும்போது "வெறும் காய்ச்சல்தானே" என்று மறுபடி தொடங்கிவிட வேண்டாம்.